ஒரு பவுண்டு அரிசியும் என் கால் வயிறும்



போன வாரம் திண்டிவனத்தில் நடந்த கல்யாணத்தில் எடுத்த படத்தை மருமகன் இங்கே போட்டாலும் போட்டான், அன்று முதல் என் போன் ஓயவில்லை. "சார், உடம்புக்கு என்ன?" என்று நேராகக் கேட்டவர்கள் பாதி. கேட்கத் தயங்கி என் வீட்டம்மாவுக்கு ராத்திரியில் போன் போட்டு, "அண்ணனுக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று விசாரித்தவர்கள் மீதி. அக்கா ஒருபடி மேலே போய் மிளகாய் சுற்றிப் போடச் சொல்லிவிட்டார்.

வியாதி இல்லை. போன வருடம் மார்ச் மாதம் சென்னையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 124 கிலோ இருந்தேன். சர்க்கரை, முழங்கால் வலி, இரவில் மூச்சு அடைத்து எழுந்து உட்காருவது எல்லாம் இருந்தது. இப்போது 87 கிலோ. இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வெட்கத்தால்தான். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டார் என்று சொல்வார்களே என்ற பயம். ஆனால் நம் பழைய மாணவி ஒருத்தி மூன்று நாள் முன்பு அழுதுகொண்டே போன் செய்தாள். அவளுக்கும் இதே சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகிறதாம். முடி கொட்டுகிறது, நடந்தால் கிறுகிறுப்பு, வீட்டில் "டயட் இருக்கிற திமிர்" என்று பேச்சு. "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். "கஞ்சிதான் சார், அதுதான் வயிற்றுக்கு இதம்" என்றாள். அதைக் கேட்டதும் இனி வாயை மூடிக்கொண்டு இருப்பது தப்பு என்று தோன்றியது. நானும் அதே கஞ்சிக் குழியில் விழுந்து எழுந்தவன்.

முப்பத்து மூன்று வருடம் உங்களுக்கு வரலாறு நடத்தியவன் என்பதால் 1877-இல் இருந்துதான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நம் கோட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

2025 ஜூலை 11 அன்று மராத்திய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. அந்த மகிழ்ச்சியில் 1994 பத்தாம் வகுப்புக் கூட்டம் ஒன்று சேர்ந்து என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனது. "சார், பழையபடி ராஜகிரி மேலே நின்று பாடம் நடத்தணும்" என்றார்கள். அப்போது எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். 20 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தேன். உடம்பு லேசாகிவிட்டதே, 800 அடி மலை என்ன பெரிய விஷயம் என்று நானும் கிளம்பினேன்.

மலைப்படி வரை போகவே இல்லை. கீழே கல்யாண மகாலைத் தாண்டி நெற்களஞ்சியத்தின் முன் நின்று பேசிக்கொண்டிருந்தேன். 1690-இல் சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது, உள்ளே ராஜாராம் இருந்தது, 1692 கடைசியில் சந்தாஜியும் தனாஜியும் வந்து முகலாயர்களுக்குத் தானியம் வரும் வழியை அடைத்தது, கோட்டையைச் சுற்றி நின்ற படையே பட்டினி கிடந்து 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "கோட்டையைக் காப்பது மதில் இல்லையடா, களஞ்சியம்" என்று வாயில் வரும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. களஞ்சியச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில்தான் அந்தக் கால உடற்பயிற்சிக் கூடம். அதைப் பார்த்தபடி ஒருவன் வாங்கி வந்த மோரைக் குடித்தேன். மலை ஏறாமலேயே வீடு திரும்பினோம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எடை குறைந்தால் சக்தி கூட வேண்டும், எனக்கு ஏன் குறைகிறது? பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பக்கங்கள் கண்ணில் பட்டன. உங்களில் பலருக்கு நினைவிருக்கும், அந்தப் பாடத்தை மட்டும் இரண்டு வகுப்பு எடுப்பேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளைப் பஞ்சம் உலுக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணச் செலவு அதிகமாகிறது என்று கவலைப்பட்ட வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேற்செலவுக்குக் கொஞ்சம் காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர் நின்றுவிட்டது.

இதை எதிர்த்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர், மருத்துவர் வில்லியம் கார்னிஷ். அவர் பதினான்கு வருடத்துக்கு முன்பே நம் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைச்சாலைகளில் என்ன கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1863-இல் அறிக்கை வெளியிட்டவர். அந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வாதாடினார். சிறையில் இருக்கும் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக, மண் சுமக்கும் கூலியாளுக்குக் கொடுக்கிறீர்கள் என்றார். அளவு குறைவு என்பது ஒரு குற்றச்சாட்டு. அதைவிட முக்கியமான இன்னொன்று, ஒரு பவுண்டு அரிசியில் தசையைக் காக்கும் சத்து போதாது, பருப்பு வேண்டும் என்பது. அன்று நைட்ரஜன் சத்து என்று சொன்னதைத்தான் இன்று புரதம் என்கிறோம். அரிசியால் வயிறு நிறைவது வேறு, உடம்பு நிற்பது வேறு என்பதுதான் அவர் வாதம். அந்தச் சண்டைக்குப் பிறகு 1877-இல் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் இறந்தவர்கள் திரும்பி வரவில்லை.

இந்தப் பக்கத்தைப் படித்தவுடன் பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். அவ்வளவு அரிசியில் 30 கிராம் சொச்சம் புரதம், 1,600 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பக்கத்தில் என் அன்றாடச் சாப்பாட்டை எழுதினேன். காலையில் இரண்டு இட்லி, 4 கிராம் புரதம். பதினொரு மணிக்கு நீர்மோர், 2 கிராம். மதியம் சின்னக் கிண்ணத்தில் ரசம் சாதம், 3 கிராம். மாலையில் காபி, இரண்டு பிஸ்கட், 4 கிராம். இரவில் கஞ்சியோ ஒரு இடியாப்பமோ, 2 கிராம். கூட்டினால் 15. என் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்தது ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். அந்தத் தாள் மேசை இழுப்பறையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

டெம்பிள் கூலி அநியாயம் என்று முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதியவன், அதில் பாதியை எனக்கு நானே நாலு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு அந்த அறுவை சிகிச்சை என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தும் மனிதன் உயிர் வாழ முடியும் என்று 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் காட்டினார். அது புற்றுநோய்க்காகச் செய்தது. பிறகு குடல்புண்ணுக்காக இரைப்பையில் பகுதியை எடுத்தவர்களுக்கு எடை ஏறுவதில்லை என்பதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் மேசன், 1966-இல் உடல் பருமனுக்கென்றே இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். எனக்குச் செய்தது ஸ்லீவ் என்னும் முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் போல ஒரு குழாய். அரை டம்ளர் கொள்ளும். பசியைத் தூண்டும் சுரப்பும் குறைந்துவிடுவதால் பசியும் அவ்வளவாக எடுக்காது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். கோட்டை வாசல் சின்னதாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்தாறு வண்டிதான் உள்ளே போகும். அந்த ஐந்தாறிலும் கஞ்சியும் ரசமும் ஏற்றி அனுப்பினால் களஞ்சியத்தில் என்ன இருக்கும்? முன்பு ஒரு வேளைக்கு எட்டு இட்லி சாப்பிட்ட காலத்தில் அந்தக் குப்பையிலும் ஏதோ கொஞ்சம் சத்து தேறியது. இப்போது தேறாது. உடம்பு கொழுப்பை மட்டும் எரிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரதம் வராவிட்டால் தசையையும் எடுத்து எரிக்கும். எடை மெஷின் இறங்கிக்கொண்டே போகும், நமக்கோ பெருமை. இறங்குவதில் ஒரு பகுதி தொடையும் தோளும் என்று மெஷின் சொல்லாது.

தாது வருடப் பஞ்சத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற இராணுவ மருத்துவர், பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களைச் சோதித்து 1889-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். வெகுநாள் பட்டினியில் குடலே மெலிந்துபோய், பிறகு சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாத நிலைக்குப் பலர் போயிருந்தார்கள். நம் கதை அவ்வளவு கொடியது இல்லை. ஆனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதற்கு உடம்பில் ஒரு எல்லை உண்டு என்பது இரண்டுக்கும் பொது.

புரதம் மட்டும் போதுமா என்றால் போதாது. அதற்கு நாம் குன்னூர் வரை போக வேண்டும். 1918 முதல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பச்சரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிச் சாப்பிட்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், கால் மரத்து, இதயம் பலவீனமாகி மக்கள் அவதிப்பட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் பக்கத்தில் அது அவ்வளவாக இல்லை. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்னும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை போடும் நமக்கு இது பெருமைதான். ஆனால் அதே மெக்காரிசன் எலிகளுக்கு ஒவ்வொரு மாகாணத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் என்று சாப்பிட்ட பஞ்சாப் எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. நம் அரிசிச் சாப்பாட்டு எலி நோஞ்சானாக நின்றது. அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அந்தத் தயமின் சங்கதி நமக்கு எதற்கு? உடம்பு அதை நெடுநாள் சேமிப்பதில்லை. இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது இவையெல்லாம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். "பித்த வாந்தி, இஞ்சிச் சாறு குடி" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று பி12. 1920-களில் பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற மருத்துவர், கொடிய இரத்தசோகைக்காரர்களுக்கு ஒரு விநோத சோதனை செய்தார். தானே மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி நோயாளிக்குக் குழாய் வழியே கொடுத்தார். முகம் சுளிக்காதீர்கள், நோயாளிகள் தேறினார்கள்! நல்ல இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் உணவில் உள்ள அந்தச் சத்து உடம்பில் சேராது என்று அப்படித்தான் தெரிய வந்தது. இரைப்பையில் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்ட என் போன்றவர்களுக்கு அந்தச் சுரப்பும் குறைவு. அதனால்தான் பி12, இரும்பு, கால்சியம், டி சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறார்கள். மாத்திரை என்றால் இன்னும் நோயாளி என்று அர்த்தம் இல்லை. போன பகுதியின் வேலையை அது செய்கிறது.

சரி, நான் என்ன மாற்றினேன்? மறுநாள் காலையே இழுப்பறைத் தாளை எடுத்து வீட்டம்மாவிடம் கொடுத்தேன். "கஞ்சி கொடுத்ததெல்லாம் தப்பா?" என்று அவள் முகம் வாடிவிட்டது. "முதல் சில வாரத்துக்கு அதுதான் மருந்து, அதற்குப் பிறகும் அதிலேயே நின்றது என் தப்பு" என்றேன். உண்மையும் அதுதான். முதலில் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மெத்தென்றது, ஒன்றரை இரண்டு மாதத்துக்குப் பின் சாதாரணச் சாப்பாடு என்று படிப்படியாக ஏற வேண்டும். நான் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பத்தரைக்குப் பாலில் கலந்த புரத மாவு, 20 கிராம். மதியம் முதலில் மீனோ கோழியோ மூன்று நான்கு துண்டு, 15 கிராம். அதற்கப்புறம் கீரை. கடைசியாக இடம் இருந்தால் இரண்டு கரண்டி சாதம். நாலு மணிக்கு அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். இரவில் பன்னீர் அல்லது கெட்டிப் பருப்பு, 9 கிராம், கூடவே கெட்டித் தயிர், 3 கிராம். கூட்டிப் பாருங்கள், 65 வரும். சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் பன்னீர், சோயா, பயறு, பொட்டுக்கடலை என்று போகலாம். நம்ம ஊர் மல்லாட்டையும் உண்டு, ஆனால் எண்ணெய்ச் சத்து அதிகம், ஒரு பிடியோடு நிறுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிப்பதில்லை. அரை மணி கழித்து மடக்கு மடக்காக. இருபது நிமிடம் மென்று சாப்பிடுகிறேன். இனிப்பைத் தொட்டால் சிலருக்கு, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, வியர்த்துப் படபடவென்று வரும். எனவே கல்யாண வீட்டில் யாராவது அல்வாவை மறுத்தால் "ஒரு வாய்தானே" என்று ஊட்டாதீர்கள். முடி கொட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து பலருக்கும் உண்டு, ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். எனக்கு வளர முன்பே ஒன்றும் இல்லை, அது வேறு கதை.

சாப்பாட்டோடு வேலையும் வேண்டும். புரதம் செங்கல் என்றால் நடையும் பயிற்சியும் கொத்தனார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கினேன். ஆறு வாரத்தில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. சாயங்காலம் பேப்பர் படிக்கும்போதே தூங்கிப் போவது நின்றது.

கார்னிஷ் கேட்டது இதைத்தான். அவருக்குப் பதில் நம் மாநிலம் வெகுநாள் கழித்துச் சொன்னது. 1956-இல் காமராஜர் மதிய உணவு கொடுத்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், பின்னாளில் தட்டில் முட்டையும் பயறும் சேர்ந்தன. வரிசையில் தட்டோடு நின்ற உங்கள் முகங்களைப் பார்த்தவன் நான். முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேடு நிரம்பியிருக்கும். பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போதாது என்று தெரிந்த நாம், நம் வீட்டு நோயாளிக்கு மட்டும் கஞ்சி போதும் என்று நினைக்கிறோம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் அதே 1994 கூட்டத்தில் நாலு பேர் வந்தார்கள். ராஜகிரிக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி ஏறினோம். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன், பையில் இருந்த சுண்டலைத் தின்றேன். மேலே களஞ்சியத்தையும், நெய்க்கிணறு எண்ணெய்க்கிணறு என்று ஊரார் சொல்லும் கல்தொட்டிகளையும் காட்டி, ஜூலையில் பாதியில் நின்ற பாடத்தை முடித்து வைத்தேன்.

போன் செய்த அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உன் கிறுகிறுப்பு திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. நாளைக்கே உன் மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனை எடு. கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதல் வாயை முட்டையில் தொடங்கு. உன் மாமியார் இந்தப் பதிவைப் படித்தால், அவருக்கும் என் வணக்கம். அவர் போடுவது அன்புதான், கொஞ்சம் பருப்பையும் சேர்த்துப் போடச் சொல்.

ராஜகிரிக்கு ஆடி மாதக் காற்றில் போவதாகத் திட்டம். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். சுண்டல் என் செலவு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
செஞ்சி.